மாசம் 5000 ரூபா: அப்பாவோட அன்னதானமா, ஃப்ரெண்டு சொல்ற கொசுவலையா?

நீங்க கேட்டது சுருக்கமா இதான். ஐடி வேலை, மாசம் 5000 ரூபா தர்மத்துக்குன்னு ஒதுக்க முடியும். அப்பா இருந்த வரைக்கும் வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு ஊர்க் கோயில்ல அன்னதானம் போட்டாரு, மனைவிக்கு தெருநாய்ங்க மேல இரக்கம், வெளிநாட்டுல இருக்கற ஃப்ரெண்டு அன்னதானம்லாம் வேஸ்ட்டு ஆப்பிரிக்காவுக்கு கொசுவலை வாங்கிக் குடு, அதுலதான் ஒரு உயிரக் காப்பாத்த ஆகற செலவு கம்மிங்கறாரு, இது போதாதுன்னு வாட்ஸப்புல தினம் ஒரு கொழந்தை போட்டோவோட உடனே உதவுங்கன்னு வருது, இதுல எதுக்கு குடுக்கறது, ஏமாறாம இருக்கறது எப்படின்னு கேட்டிருக்கீங்க. உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். ஏமாறக் கூடாதுங்கறது மேலோட்டம்தான், உள்ள இருக்கறது வேற கேள்வி: எல்லாரும் யோக்கியமாவே இருந்தாலும் இதுல யாரை விடறது, விட்டா அது தப்பா. மொத கேள்விக்கு என் தொழில்லயே பதில் இருக்கு. ரெண்டாவதுக்கு ஆடிட்டர் பதில் சொல்ல முடியாது, ஆனா இத்தனை வருஷத்துல நானும் அதோட மல்லுக்கட்டினவன், அதனால சொல்றேன்.

நான் திருச்சி பக்கம் ஆடிட்டர். 24 வருஷமா சின்ன சின்ன டிரஸ்ட்டு, சொசைட்டி, ஆதரவற்றோர் இல்லம், ஸ்பெஷல் ஸ்கூல் இப்படி கணக்கு பாக்கறேன், பெரிய கம்பெனி பக்கம் போனதே இல்ல. டாக்டர் கெடையாது, பொருளாதாரம் படிச்சவனும் கெடையாது, அதனால கீழ மருத்துவ ஆராய்ச்சி பத்தி சொல்றதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுகிட்டது, கணக்கு பத்தி சொல்றது மட்டும் கண்ணால பாத்தது. அந்த வித்தியாசத்த மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல, எல்லாரும் கேக்கற அந்த கேள்வி: ‘என் காசுல எத்தனை சதவீதம் நிர்வாகச் செலவுக்குப் போகுது?’ தயவு செஞ்சு இதக் கேட்டு ஒரு டிரஸ்ட்ட எடை போடாதீங்க. ஏன்னா அந்த சதவீதம் எப்படி தயாராகுதுன்னு எனக்குத் தெரியும். டிரைவர் சம்பளத்த நிர்வாகத்துல எழுதலாம், பிள்ளைங்கள ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறாருன்னு சொல்லி திட்டச் செலவுலயும் எழுதலாம், ரெண்டும் பொய் இல்ல. கணக்கு எழுதற பையன் கெட்டிக்காரனா இருந்தா நிர்வாகச் செலவு 4 சதவீதம்னு காட்டிடுவான், வெகுளியா இருந்தா 30ன்னு வந்து நிக்கும், உள்ள நடக்கற வேலை ஒண்ணேதான். வெளிநாட்டுப் பணம் வாங்கற அமைப்புங்களுக்கு 2020 சட்டத் திருத்தத்துல நிர்வாகச் செலவு உச்சவரம்ப 50லேருந்து 20 சதவீதமா குறைச்சாங்க இல்லையா, அப்பப் பாக்கணும் நீங்க, செலவோட பேரெல்லாம் எவ்ளோ வேகமா மாறுச்சுன்னு. அதுவுமில்லாம நல்ல நர்ஸு, நல்ல ஸ்பெஷல் டீச்சர், நல்ல கணக்குப்பிள்ளை இவங்களுக்கெல்லாம் சம்பளம் குடுக்காம நல்ல வேலை எப்படி நடக்கும்? ‘நாங்க எல்லாரும் சேவைதான் சார், சம்பளமே கெடையாது’ன்னு யாராவது சொன்னா எனக்கு கொஞ்சம் பயமாத்தான் இருக்கும், அவங்க வீட்டு அடுப்பு எதுல எரியுது?

திருட்டு வேற எடத்துல தெரியும். ஒரு இல்லத்துல, பேரு வேணாம், மூணு மாச அரிசி பில்லு எடுத்து வச்சாங்க. ஜனவரி பில்லு நம்பர் 41, பிப்ரவரி 42, மார்ச் 43. அந்தக் கடையில மூணு மாசமா வேற ஒருத்தருமே அரிசி வாங்கலையா? மூணுலயும் ஒரே பச்சை மை, ஒரே கையெழுத்து. கடைய தேடிப் போனா அங்க செல்போன் ரீசார்ஜ் பண்றாங்க. இன்னொரு பக்கம், ஒரு அம்மா 19 பிள்ளைங்கள வச்சுப் பாத்துக்கறாங்க, கணக்கு மொத்தமும் ஒரு நாற்பது பக்க நோட்டுல, ‘பால் 6 லி, கேஸு, வள்ளிக்கு காது வலி 180’ன்னு பென்சில்ல எழுதியிருக்கும், வவுச்சர் பாதி இருக்காது, அந்த நோட்ட சரி பண்ண எனக்கு வருஷா வருஷம் ரெண்டு நாள் ஆகும். ஆனா அந்த வீட்டுல ஒரு ரூபா வெளிய போகலன்னு நான் எங்க வேணாலும் சத்தியம் பண்ணுவேன். கணக்கு அழகா இருக்கறதும் யோக்கியமா இருக்கறதும் ஒண்ணு இல்ல.

அப்ப வெளியில இருக்கற நீங்க எப்படி பாக்கறது. போன் பண்ணி ரெண்டு விஷயம் கேளுங்க. கடைசி வருஷ ஆடிட் ரிப்போர்ட்டு அனுப்புவீங்களான்னு கேளுங்க, ரெண்டு மூணு நாள்ல வந்தா சரி, ‘எங்க மேல நம்பிக்கை இல்லையா’ன்னு கோவம் வந்தா நகந்துடுங்க. அப்புறம், போன வருஷம் நீங்க பண்ணதுல எது சரியா வரலன்னு கேளுங்க. இது என்னோட ஃபேவரிட் கேள்வி. நெஜமா வேலை பாக்கறவங்க இதுக்கு அரை மணி நேரம் பதில் சொல்லுவாங்க, தையல் மெஷின் வாங்கிக் குடுத்தோம் 12 பேர்ல 3 பேருதான் தைக்கறாங்க மத்தவங்க வித்துட்டாங்கன்னு வெளிப்படையா சொல்லுவாங்க. எல்லாம் சூப்பரா போச்சு சார்ங்கறவங்ககிட்ட எனக்கு வேலை இல்ல.

கொழந்தைங்க இல்லத்துக்கு மட்டும் தனியா சொல்லணும், ஏன்னா அஞ்சு பேர்ல மூணு பேருக்கு மொதல்ல தோணறது அதான். 2015ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்துல 41வது பிரிவுப்படி எந்த இல்லமா இருந்தாலும் பதிவு பண்ணியே ஆகணும், பண்ணாம நடத்தினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். டிரஸ்ட்டு பதிவு வேற, நன்கொடைக்கு வரிச்சலுகை தர்ற 80ஜி வேற, இந்தப் பதிவு வேற, மூணையும் போட்டுக் குழப்பி ‘எல்லா ரெஜிஸ்ட்ரேஷனும் இருக்கு சார்’ம்பாங்க. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுன்னு ஒரு ஆபீஸ் ஒவ்வொரு மாவட்டத்துலயும் இருக்கு, அங்க கேட்டா தெரிஞ்சிடும். இன்னொண்ணு, நம்ம ஆளுங்க நல்ல இல்லத்துக்கு அடையாளம்னு நினைக்கறது பல சமயம் தலைகீழா இருக்கும். நீங்க கேக் வாங்கிட்டுப் போறீங்க, யாரு என்னன்னு கேக்காம உள்ள விட்டு, பிள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு பாட்டுப் பாட வச்சு, உங்க மடியில உக்கார வச்சு போட்டோ எடுக்க விட்டாங்கன்னா நெகிழ்ந்து போகாதீங்க. முன்பின் தெரியாத ஆள கொழந்தைங்க கிட்ட அவ்ளோ சுலபமா விடற இல்லம் நல்ல இல்லம் கெடையாது. ஆதார் கேட்டு, ரெஜிஸ்டர்ல எழுதி, ஆபீஸ் ரூம்லயே உக்கார வச்சு காப்பி குடுத்து அனுப்பறாங்க பாருங்க, அங்க குடுங்க.

அந்த மாதிரி ஒரு எடத்துல சமையல்கட்டு செவுத்துல ஒரு காலண்டர் தொங்கும், அன்னைக்கு அன்னைக்கு சாப்பாடு ஸ்பான்சர் யாருன்னு அதுல எழுதி வச்சிருப்பாங்க. தீபாவளி, பொங்கல், எல்லா ஞாயித்துக்கெழமையும் நெறஞ்சு வழியும், ஒரே ஞாயித்துக்கெழமைக்கு மூணு பிரியாணி ரெண்டு கேக்குன்னு அடிச்சுத் திருத்தி எழுதியிருக்கும். ஜூன் மாச செவ்வாய்க்கெழமை எல்லாம் வெறும் கட்டம். வார்டன் அம்மா ஒரு தடவ சொன்னாங்க, சார் பிரியாணி சாப்ட்டு சாப்ட்டு பிள்ளைங்களுக்கு வயித்தால போகுது, ஆனா 22 பொம்பளப் பிள்ளைங்களுக்கு நாப்கின் வாங்க இந்த மாசம் காசு இல்ல, அதுக்கு யாரு சார் பேனர் வைப்பாங்க. கரண்ட்டு பில்லு, சமையல்காரம்மா சம்பளம், செப்டிக் டேங்க் லாரி, இதுக்கெல்லாம் ஸ்பான்சரே கெடைக்காது. அதனால ஒரு எடத்த நம்பிட்டீங்கன்னா ‘இதுக்கு மட்டும்தான் செலவு பண்ணணும்’னு கட்டிப் போடாம குடுங்க, எங்க ஓட்டை இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். இன்னொரு விஷயம், இல்லத்துல இருக்கற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடதான் இருக்காங்க, வறுமையால கொண்டாந்து விட்டிருக்காங்க. அந்த அம்மாவுக்கே உதவி பண்ணி பிள்ளைய வீட்டுலயே வளக்க வைக்கறதுதான் இப்ப சட்டமும் சொல்றது, மிஷன் வாத்சல்யாங்கற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துல அதுக்காக மாசம் 4000 ரூபா ஒரு பிள்ளைக்கு அரசாங்கமே குடுக்குது. அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட ஒரு விதவை அம்மாவுக்கு அலைஞ்சு குடுத்தீங்கன்னா அது ஒரு வருஷத்துல 48000 ரூபா, உங்க பாக்கெட்டுலேருந்து பஸ் காசுதான் போயிருக்கும்.

சரி, இப்ப பெரிய கேள்வி, எதுக்குக் குடுக்கறது. ‘யாரு ரொம்ப நல்லது பண்றாங்க’ன்னு பாக்கறத விட ‘என் 5000 போகலன்னா அங்க எது நடக்காமப் போகும்’னு பாருங்க, நான் பழகிக்கிட்டது இதான். ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், இல்ல. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய எடுத்துக்குங்க. 1976ல டாக்டர் வெங்கடசாமி ரிட்டயர் ஆனப்புறம் 11 பெட்டோட ஆரம்பிச்சது, இன்னைக்கு உலகமே வந்து பாத்துட்டுப் போகுது, கண்புரை ஆபரேஷன மாதிரி கொஞ்சக் காசுல அவ்ளோ பெரிய பலன் தர்ற வைத்தியம் குறைவு. ஆனா அவங்க நடக்கறதே காசு கட்டி வர்ற நோயாளிங்க பணத்துல, அதுலேருந்துதான் இலவச ஆபரேஷன். அவங்க அருமையான நிறுவனம், ஆனா உங்க 5000 வந்தாலும் வரலன்னாலும் அங்க நாளைக்கு காலைல ஆபரேஷன் நடக்கும். அதே விஷயத்துல உங்க பணத்துக்கு வேலை இருக்கறது எங்கன்னா, மணப்பாறை பக்கத்துல ஒரு பாட்டி ரெண்டு கண்ணும் மங்கி உக்காந்திருக்கும், கூட்டிட்டுப் போக ஆளில்ல, கூட வர்ற மகனுக்கு ரெண்டு நாள் கூலி போயிடும். அந்த ரெண்டு நாள் கூலிதான் அங்க நீங்க.

உங்க ஃப்ரெண்டு சொல்ற கொசுவலைக்கு வருவோம். அவரு சொல்றது விளையாட்டு இல்ல. மலேரியா சாவுல சுமார் 95 சதவீதம் ஆப்பிரிக்காவுல, அதுல நாலுல மூணு பங்கு அஞ்சு வயசுக்குள்ள இருக்கற கொழந்தைங்க. மருந்து தோய்ச்ச கொசுவலை குடுத்த ஊரு, குடுக்காத ஊருன்னு ஒப்பிட்டு நடத்தின ஆய்வுங்கள எல்லாம் சேத்துப் பாத்தா கொழந்தை சாவு ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. அமெரிக்காவுல 2007ல ஆரம்பிச்ச கிவ்வெல்ங்கற அமைப்பு இப்படி கணக்குப் போடறதையே வேலையா வச்சிருக்கு, சில ஆயிரம் டாலருக்கு ஒரு உயிருன்னு அவங்க மதிப்பீடு. இதுல கொசுவலை வேலை செய்யுதுங்கறது உறுதி, ஒரு உயிருக்கு இத்தனை டாலர்ங்கற நம்பரு மட்டும் பல அனுமானங்கள அடுக்கி வந்தது, அவங்களே அதத் திருத்திக்கிட்டே இருக்காங்க, அத கடைத்தராசு மாதிரி நம்பாதீங்க. நீங்க டாலர்ல சம்பாதிச்சா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். தாராளமா அனுப்பலாம், தப்பே இல்ல, வெளிநாட்டு அமைப்புக்கு வரிச்சலுகை கெடைக்காது அவ்ளோதான். ஆனா அவரு தூக்கிப் போட்ட அன்னதானத்தையே அவரோட கணக்குலயே வச்சு பாத்தா என்ன ஆகுதுன்னு இனிமே சொல்றேன், உங்க கேள்விக்கு நான் பதில் எழுத உக்காந்ததே இதுக்காகத்தான்.

அன்னதானம் நம்ம ஊருக்கு புதுசா. வடலூர்ல வள்ளலார் 1867 மே மாசம் மூட்டுன அடுப்பு இன்னும் அணையல. ஆனா அவரு காலத்து தமிழ்நாடும் இதுவும் ஒண்ணு இல்ல. அப்ப பஞ்சம். இப்ப 2011லேருந்து ரேஷன்ல அரிசி இலவசம், ஸ்கூல்ல மத்தியானச் சாப்பாடு எத்தனையோ வருஷமா இருக்கு, 2022 செப்டம்பர்லேருந்து காலைச் சாப்பாடும் வந்தாச்சு, கோயில்கள்ல அறநிலையத்துறையே அன்னதானம் போடுது. அதனால ஆடி அமாவாசைக்கு கோயில் வாசல்ல சாப்பிடறவங்கள்ல பாதிப் பேரு அன்னைக்கு வீட்டுல உலை வச்சுட்டு வந்தவங்களாத்தான் இருப்பாங்க. அதுக்காக அப்பா பண்ணது வீண்னு நான் சொல்ல மாட்டேன், அது சாமிக்கும் ஊருக்கும் அவருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல், அத நீங்க தொடரணும்னா தனியா வருஷத்துக்கு ஒரு தொகை வச்சு தொடருங்க, இந்த 5000 கணக்குல சேக்காதீங்க. பாத்திரம் அறிஞ்சு பிச்சையிடுன்னு சொன்னவங்களும் நம்மாளுங்கதான், இன்னைக்கு சோறு எந்தப் பாத்திரத்துல போய் விழணும்ங்கறதுதான் விஷயம்.

எனக்குத் தெரிஞ்சு அந்தப் பாத்திரம் காசநோய் வந்த வீடு. டிபி இன்னும் இருக்கான்னு கேக்காதீங்க, உலகத்துல வர்ற டிபியில நாலுல ஒரு பங்கு நம்ம நாட்டுலதான். மாத்திரை அரசாங்கத்துல இலவசம், சாதாரண டிபிக்கு ஆறு மாசம் சாப்பிடணும். வீட்டுல சம்பாதிக்கற ஆளுக்கே வந்துடுது, கூலி நின்னு போகுது, பசி ஆரம்பிக்குது, பசியில உடம்பு இன்னும் தேயுது, கூட இருக்கறவங்களுக்கும் தொத்துது. 2019லேருந்து 2022 வரைக்கும் ஜார்கண்டுல ஒரு பெரிய ஆய்வு நடந்தது, சென்னையில இருக்கற காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதுல கூட்டு. 2800 நோயாளிங்க, அவங்க வீட்டு ஆளுங்க 10345 பேரு. நோயாளிங்க எல்லாருக்கும் மாசா மாசம் 10 கிலோ மளிகை. வீட்டு ஆளுங்கள மட்டும் ரெண்டு பிரிவா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு தலைக்கு 5 கிலோ அரிசி ஒன்றரை கிலோ பருப்பு, கூட சத்து மாத்திரை குடுத்தாங்க, இன்னொரு பிரிவுக்குக் குடுக்கல. முடிவு 2023ல வந்தது: மளிகை வாங்கின வீட்டு ஆளுங்ககிட்ட புதுசா டிபி வர்றது 39 சதவீதம் கம்மி, அடுத்தவங்களுக்குப் பரவற வகை நுரையீரல் டிபி 48 சதவீதம் கம்மி. ஊசியில்ல, புது மருந்தில்ல, அரிசியும் பருப்பும். மொத தடவ இத படிச்சப்போ ரெண்டு நாள் என்கூட வேலை பாக்கறவங்க எல்லாருகிட்டயும் இதையே சொல்லிட்டிருந்தேன், அவங்க ஜிஎஸ்டி ரிட்டர்ன் டென்ஷன்ல இருந்தாங்க பாவம்.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. 1956ல சென்னை சேத்துப்பட்டுல அந்த ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சப்போ மொத வேலையா டிபி நோயாளிங்கள பாதிப் பேர சானட்டோரியத்துல நல்ல சாப்பாடு ஓய்வோட வச்சும், பாதிப் பேர குடிசை வீட்டுலயே வச்சும் மாத்திரை குடுத்துப் பாத்தாங்க, ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் குணமாச்சு. உலகம் பூரா சானட்டோரியத்த மூட வச்ச ஆய்வுல அது ஒண்ணு. அதுலேருந்து சாப்பாடு பெருசா முக்கியமில்ல மாத்திரைதான் முக்கியம்னு ஒரு எண்ணம் ரொம்ப காலம் இருந்துச்சு. குணமாகறதுக்கு மாத்திரைதான், அது இன்னைக்கும் மாறல, மளிகை குடுக்கறேன்னு மாத்திரைய விட வச்சுடாதீங்க. சாப்பாடு வேலை பாக்கறது கூட இருக்கறவங்களுக்கு வராம தடுக்கறதுலயும், ரொம்ப மெலிஞ்சு போன நோயாளி சாகாம பாக்கறதுலயும். ரெண்டாவதுல கொஞ்சம் ஜாக்கிரதை, மொத ரெண்டு மாசத்துல எடை 5 சதவீதம் ஏறினவங்க இறக்கற வாய்ப்பு 61 சதவீதம் கம்மின்னு அந்த ஜார்கண்டு ஆய்வுக் குழு சொல்லுது, ஆனா எடை ஏறினதால பிழைச்சாங்களா, பிழைக்கற உடம்புங்கறதால எடை ஏறுச்சாங்கறத அந்த நம்பர மட்டும் வச்சு பிரிக்க முடியாது. இன்னொரு சந்தேகமும் நேர்மையா சொல்லிடறேன், ஜார்கண்டு வறுமை வேற, இலவச ரேஷன் இருக்கற நம்ம ஊருல பலன் அதே 48 சதவீதமா இருக்கும்னு யாரும் உறுதி குடுக்க முடியாது, குறைவாத்தான் இருக்கும்னு என் ஊகம். ஆனா பாதியா இருந்தாலும் ஆடி அமாவாசை சாப்பாட்ட விட எத்தனையோ மடங்கு. நம்ம அரசாங்கமே 2022 ஏப்ரல்லேருந்து டிபி கண்டுபிடிச்சதும் ரொம்ப மெலிஞ்சவங்க, எழுந்து நிக்க முடியாதவங்கள தனியா கண்டுபிடிச்சு உடனே ஆஸ்பத்திரியில சேக்கற திட்டம் நடத்துது, மெலிஞ்சவங்கதான் மொதல்ல சாகறாங்கங்கறது நம்ம ஊருலயும் தெரிஞ்ச விஷயம்தான்.

இத நீங்க எப்படி குடுக்கறதுன்னா, நிக்ஷய் மித்ரான்னு 2022 செப்டம்பர்லேருந்து மத்திய அரசு திட்டம் இருக்கு, தனி ஆளாவே பேரு பதிஞ்சு, உங்க பகுதியில சம்மதம் குடுத்த நோயாளிக்கு மாசா மாசம் மளிகை குடுக்கலாம். அரசாங்கம் நோயாளி அக்கவுண்ட்டுல மாசம் 500 போட்டுட்டிருந்தது, 2024 நவம்பர்லேருந்து 1000 ஆக்குனாங்க, அது மருந்துக் காலம் மட்டும், நோயாளிக்கு மட்டும். நீங்க அதுக்கு மேல, வீட்டு ஆளுங்களையும் சேத்து. உங்க 5000ல 3000 இதுக்குப் போட்டா ரெண்டு சின்ன குடும்பத்துக்கு அரிசி பருப்பு எண்ணெய் நிலக்கடலைன்னு ஓரளவு நல்லாவே குடுக்கலாம். டிரஸ்ட்டு இல்ல, வவுச்சர் இல்ல, 80ஜி இல்ல, திருட எடமும் இல்ல.

மனைவி சொல்ற நாய் விஷயத்த ஒதுக்கிடாதீங்க. மனுஷனா நாயான்னு சண்டை போட வேண்டியதே இல்ல, உலகத்துல ரேபிஸ்ல, அதாவது வெறிநாய்க்கடி நோயில, சாகறவங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல இந்தியாவுலதான்னு உலக சுகாதார நிறுவனம் ரொம்ப காலமா சொல்லிட்டு வருது. ஒரு பகுதியில 70 சதவீத நாய்ங்களுக்கு தடுப்பூசி போட்டா பரவல் நின்னு போகும், கோவாவுல அப்படி வருஷா வருஷம் போட்டுத்தான் 2021ல ரேபிஸ் கட்டுப்பாட்டுல இருக்குன்னு அறிவிச்சாங்க. அதனால பிஸ்கட்டு போடற காசுல உங்க தெரு நாய்ங்களுக்கு ஊசி போட ஏற்பாடு பண்ணுங்க, 800 ரூபா இதுக்கு ஒதுக்கினா வீட்டுலயும் சமாதானம் ஆகும், தெருவுலயும்.

வாட்ஸப் கொழந்தை போட்டோவுக்கு, மொதல்ல கேக்க வேண்டியது முதலமைச்சர் காப்பீடு எடுத்தாங்களான்னு. வருஷ வருமானம் 1,20,000க்குக் கீழ இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர், பல பேருக்கு அது இருக்கறதே தெரியாது, இல்ல அந்த ஆஸ்பத்திரி பட்டியல்ல இருக்காது. குடுக்கறதா இருந்தா தனி ஆள் ஜிபே நம்பருக்கு குடுக்காதீங்க, உள்நோயாளி நம்பர் கேட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி அந்த நம்பர்லயே கட்டுங்க, பாதி மோசடி இதுலயே கழிஞ்சிடும். தசை நலிவு நோய் வந்த கொழந்தைக்கு 16 கோடி ரூபா ஊசின்னு வருதே, அதுக்குக் குடுத்தா தப்பான்னு சில பேரு கேப்பாங்க. தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது, அந்த அப்பா அம்மா எடத்துல நான் இருந்தா நானும் ஊரு பூரா கையேந்துவேன். ஆனா அது லட்சம் பேரு பாக்கற போட்டோ, டிபி வீட்டுக்கு போட்டோவே கெடையாது, எனக்கு அந்த ஒரு வித்தியாசமே போதுமா இருக்கு.

வெள்ளம் புயல் வந்தா பழைய துணி மட்டும் அனுப்பாதீங்க. 2005 ஜனவரியில சுனாமி முடிஞ்சு நாகப்பட்டினம் பக்கம் போயிருந்தேன், ரோட்டோரத்துல துணி மலை மாதிரி, மழையில நனைஞ்சு நாறிப் போய், மேல ஒத்தைக்கால் ஹைஹீல்ஸ் செருப்பு ஒண்ணு. மீன்காரம்மா ஒருத்தங்க அத கால்ல தள்ளிட்டுப் போனாங்க. பணமா குடுங்க, அதுவும் டிவி கேமரா போனப்புறம் மூணாவது மாசம் குடுங்க.

வரிச்சலுகை பத்தியும் சுருக்கமா சொல்லிடறேன்: புது வரி முறையில இருந்தீங்கன்னா 80ஜி கழிவு கெடையாது, பழைய முறையில இருந்தா 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தது செல்லாது, சாப்பாடு துணியா குடுத்ததும் செல்லாது, டிரஸ்ட்டு உங்க பான் நம்பரோட வருமான வரித்துறைக்கு கணக்கு குடுத்து எடுத்துத் தர்ற சர்டிபிகேட்டு வேணும், வெறும் ரசீது போதாது. ஐடில இருக்கறவங்க இப்ப நெறைய பேரு புது முறைதான், அதனால அத நினைச்சு குடுக்கற எடத்த மாத்திக்காதீங்க.

மிச்சம் 1200. அத எங்கயும் மாசா மாசம் அனுப்பாம தனியா போட்டு வைங்க. உங்க வீட்டுல வேலை செய்யற அக்கா பொண்ணுக்கு காலேஜ் ஹாஸ்டல் டெபாசிட்டு, வாட்ச்மேன் அண்ணனுக்கு ஊருக்குப் போக அவசரம், பாட்டி கண்ணு, இதெல்லாம் எப்ப வரும்னு தெரியாது. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுக்கு புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 வரும், ஆனா அது காலேஜ்ல சேந்தப்புறம், சேர்ற அன்னைக்கு கையில வேணுமே. கைமாத்துன்னு சொல்லிக் குடுங்க, திரும்ப வரும்னு மட்டும் நினைக்காதீங்க. யாரை விடறதுன்னு கேட்டீங்களே, மத்த எல்லாரையும் விடுங்க. கேன்சர், ஏரி தூர் வாரறது, பழங்குடி ஸ்கூல், எல்லாம் நல்லதுதான், 200 200ன்னு 25 எடத்துக்கு அனுப்பினா 25 எடத்துலேருந்தும் கேலண்டர் வரும், ஒரு எடத்துலயும் என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது. மூணு வருஷம் ஒரே எடத்துல இருங்க.

கடைசியா ஒண்ணு, நான் பண்ண தப்புலேருந்து. ரெண்டு வருஷம் முன்னாடி மொத குடும்பத்துக்கு மளிகை எடுத்துட்டுப் போனப்போ எங்க ஆபீஸ் பையன் ஆர்வத்துல பை மேல காசநோயாளிக்கான ஊட்டச்சத்துன்னு பிரிண்ட் போட்டு ஒட்டிட்டான், நானும் கவனிக்கல. அந்த அண்ணன் பெயிண்டர், வாசல்லயே நின்னு அந்த ஸ்டிக்கரப் பாத்தாரு, அப்புறம் பக்கத்து வீட்டு ஜன்னலப் பாத்தாரு, பைய வாங்கவே இல்ல. மறுநாள் சுகாதார நிலையத்து ஊழியர்கிட்ட சொல்லி அனுப்பினாரு, அடுத்த தடவ வெறும் மஞ்சப் பையில போட்டு தெருமுனை பெட்டிக்கடையில வச்சுட்டுப் போகச் சொல்லுங்க, நான் ராத்திரி எடுத்துக்கறேன்னு. இப்பவும் அப்படித்தான் போகுது, ஆளு மாறிடுச்சு, கடை அதே கடைதான்.